கடிதம் எழுதுவதோடு பள்ளியின் வேலை முடிவதில்லை

வகுப்பறையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி, கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சில நாட்கள் கவனித்த ஆசிரியர், அவளுக்குப் பார்வைக் குறைபாடு இருக்கக்கூடும் என்று புரிந்துகொண்டு, “கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவும்” என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்புகிறார். கடிதம் கையெழுத்தோடு மறுநாளே திரும்பி வருகிறது. பள்ளியைப் பொறுத்தவரை அந்த விஷயம் அத்தோடு முடிந்தது. வீட்டைப் பொறுத்தவரை அப்போதுதான் தொடங்குகிறது. கண் மருத்துவர் பார்க்கும் நேரமும் தாய் வேலைக்குப் போகும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி இல்லை. கைக்குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது என்று தெரியவில்லை. எப்படியோ ஒரு நாள் கிளம்பிப் போனாலும், கண்ணில் மருந்து விட்டுப் பார்க்க இன்னொரு நாள் வரச் சொல்கிறார்கள். கண்ணாடி தயாரானதும் வாங்கிக்கொள்ள மூன்றாவது முறை போக வேண்டியிருக்கிறது. இரண்டாவது முறைக்கும் மூன்றாவது முறைக்கும் இடையில் எங்கோ அந்த முயற்சி நின்றுபோகிறது. அக்கறையில்லாத தாய் என்று பள்ளியில் பேசிக்கொள்கிறார்கள்.

ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, இப்படிப் பாதியில் நின்றுபோன கடிதங்கள் நிறையவே தெரியும். அவற்றை எழுதிய ஆசிரியர்களும் அக்கறையுள்ளவர்கள்தான். வாங்கிக்கொண்ட பெற்றோர்களும் அக்கறையுள்ளவர்கள்தான். இருவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியை நிரப்புவது யாருடைய வேலை என்று எங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை. பாடம் நடத்துவதோடு நின்றுவிடாமல், மருத்துவப் பரிசோதனை, மனநல ஆலோசனை, வகுப்புக்கு முன்னும் பின்னும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, பெற்றோருக்கான வகுப்புகள், சுற்றுவட்டாரத்தில் வாழ்பவர்களும் பயன்படுத்தக்கூடிய நூலகம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றையும் பள்ளிகள் ஏற்று நடத்த வேண்டும் என்ற கருத்தை நான் முழு மனதோடு ஆதரிப்பதற்கு இதுவே முதற்காரணம். ஆனால் எத்தனை சேவைகள் தொடங்கப்பட்டன என்ற கணக்கைக் கேட்டு நான் மகிழ்வதில்லை. அந்தச் சேவைகளையும் குடும்பங்களையும் இணைப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஒருவர் அந்தப் பள்ளியில் இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்பேன். அவர் இல்லாத இடத்தில் மற்றதெல்லாம் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடுகிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு நூறு ஆண்டுகளுக்கும் முந்தையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரப் பள்ளிகளில் மருத்துவர்கள் பிள்ளைகளைப் பரிசோதித்து, கண்நோய், படர்தாமரை, பேன் தொல்லை போன்ற தொற்றுகள் உள்ளவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கமாக இருந்தது. நோயைக் கண்டுபிடித்தார்கள், அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு யாரும் பின்தொடரவில்லை. புதிதாகக் குடியேறிய பெற்றோர்கள் பலருக்கு அந்த அட்டையில் இருந்த மொழியே தெரியாது. பிள்ளைகள் வாரக்கணக்கில் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். 1902 அக்டோபரில், ஏழைகளுக்கும் குடியேறியவர்களுக்கும் உதவிய ஹென்றி ஸ்ட்ரீட் குடியிருப்பு இல்லத்தை நிறுவிய லில்லியன் வால்ட், லினா ரோஜர்ஸ் என்ற செவிலியரை நான்கு பள்ளிகளுக்கு அனுப்பி வைத்தார். சிறிய தொற்றுகளுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டு, பிள்ளையை அன்றே வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார் ரோஜர்ஸ். மற்றவர்களின் வீடுகளுக்கு நேரில் போய், என்ன செய்ய வேண்டும் என்று தாய்மார்களுக்குச் செய்து காட்டினார். அந்த ஏற்பாடு விரைவில் மற்ற பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 1902 செப்டம்பரில் நகரப் பள்ளிகளிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,000க்கும் அதிகம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 1,100 ஆகக் குறைந்தது. நோய்களும் பெற்றோர்களும் மாறவில்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையில் நடந்து போகச் செவிலியர்கள் வந்திருந்தார்கள்.

பள்ளி சமூகத்தின் மையமாக இருக்க வேண்டும் என்ற சிந்தனையும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் உருப்பெற்றது. கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1902இல் ஆற்றிய ஓர் உரை அதைப் பற்றியதே. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தின் கல்வி அலுவலராக இருந்த ஹென்றி மோரிஸ், கிராமங்கள் வெறிச்சோடிப் போவதைக் கண்டு, 1924இல் ஒரு திட்ட அறிக்கை எழுதினார். பகலில் வளரிளம் பிள்ளைகள் படிக்கும் கட்டடத்திலேயே மாலையில் பெரியவர்கள் படிக்கவும் கூடவும் வேண்டும். நூலகமும் கூட்ட அரங்கும் அந்த வளாகத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். அப்படிப்பட்ட முதல் கிராமக் கல்லூரி 1930இல் சாஸ்டனில் திறக்கப்பட்டது. 1939இல் திறக்கப்பட்ட இம்பிங்டன் கல்லூரியை, ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியை நிறுவிய கட்டடக் கலைஞர் வால்ட்டர் குரோப்பியஸ், இன்னொரு கட்டடக் கலைஞரான மேக்ஸ்வெல் ஃப்ரையோடு சேர்ந்து வடிவமைத்தார். கிராமத்து மக்களுக்கு உலகத் தரமான கட்டடம் எதற்கு என்று மோரிஸ் நினைக்கவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். பொதுமக்களுக்கான இடம் என்றாலே ஒதுக்குப்புறமான, வெளிச்சம் குறைந்த, பழைய நாற்காலிகள் போட்ட ஓர் அறையைக் கொடுத்துவிடும் பழக்கம் இன்றைக்கும் பல பள்ளிகளில் இருக்கிறது. அந்த அறைக்குள் நுழையும் பெற்றோருக்குத் தங்களுக்கு என்ன மதிப்புத் தரப்படுகிறது என்பது உடனே புரிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் 1935இல் தொடங்கப்பட்ட முயற்சி வேறொரு வழியில் வளர்ந்தது. உடற்கல்வி ஆசிரியரான ஃபிராங்க் மேன்லியின் யோசனையை ஏற்று, தொழிலதிபர் சார்லஸ் ஸ்டூவர்ட் மாட் நிதி கொடுத்தார். பள்ளி முடிந்த பிறகு பூட்டிக் கிடந்த திடல்களும் கூடங்களும் பிள்ளைகளுக்குத் திறந்துவிடப்பட்டன. விளையாட்டில் தொடங்கிய அந்த ஏற்பாடு நாளடைவில் முதியோர் கல்வி, உடல்நலம் என்று விரிந்தது.

ஒரு நாடு முழுவதும் இதைச் செய்து பார்க்க இங்கிலாந்து முயன்றது. 2002ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், மாணவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் அந்த வட்டாரத்தில் வாழ்பவர்கள், வேலை செய்பவர்களுக்கும் பயன்படும் சேவைகளை நடத்தப் பள்ளி ஆட்சிக் குழுக்களுக்கு அதிகாரம் அளித்தது. அப்படித் தொடங்கும் முன் ஊழியர்களையும் பெற்றோர்களையும் கலந்து பேச வேண்டும் என்றும் கூறியது. 2005இல் வெளியான அரசின் திட்ட ஆவணம், 2010க்குள் எல்லாப் பள்ளிகளின் வழியாகவும் ஐந்து வகையான சேவைகள் கிடைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. தொடக்கப் பள்ளி மாணவர்களுக்குக் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை பராமரிப்பு, பாட நேரத்துக்கு வெளியே பலவகைச் செயல்பாடுகள், பெற்றோருக்கு ஆதரவு, தேவைப்படும் பிள்ளைகளுக்கு நிபுணர்களின் உதவி தாமதமின்றிக் கிடைக்கச் செய்தல், பள்ளியின் வசதிகளை ஊர் மக்களுக்குத் திறந்துவிடுதல் ஆகியவையே அந்த ஐந்து. எல்லாவற்றையும் அந்தந்தப் பள்ளியே நடத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்தும், வெளி அமைப்புகளின் மூலமும் நடத்தலாம். இந்த நெகிழ்வு சிறிய பள்ளிகளுக்குப் பெரும் உதவியாக இருந்திருக்க வேண்டும்.

அதற்கு முன்னோடியாக, 2003 முதல் 2006 வரை முழுச் சேவைப் பள்ளிகள் என்ற பெயரில் நடந்த திட்டத்தை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் தலைமையில் ஆய்வாளர்கள் மதிப்பிட்டு, 2007இல் இறுதி அறிக்கை தந்தார்கள். செலவு அதிகம், ஆனால் கடுமையான நெருக்கடியில் இருந்த குடும்பங்களுக்குக் கிடைத்த நன்மையும் அதிகம் என்பது அவர்கள் கண்டது. 2010இல் ஆட்சி மாறியது. 2011 முதல் இந்தச் சேவைகளுக்கென்று தனியே ஒதுக்கப்பட்டிருந்த நிதி, பள்ளிகளின் பொது நிதியில் கலந்துவிடப்பட்டது. எங்கே செலவிடுவது என்பதைப் பள்ளியே தீர்மானிக்கலாம் என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரை ஒழுகும்போதும் கணித ஆசிரியர் இடம் காலியாக இருக்கும்போதும், பெற்றோரோடு பேசுவதற்கென்று நியமிக்கப்பட்டவரின் சம்பளத்தைத்தான் எந்தத் தலைமையாசிரியரும் முதலில் குறைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் இந்தப் பணியிடத்துக்கான நிதி தனித் தலைப்பில், வேறு எதற்கும் மாற்ற முடியாதபடி ஒதுக்கப்பட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

நியூயார்க் நகரம் 2014இல் தொடங்கிய சமூகப் பள்ளித் திட்டம் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டதாகத் தெரிகிறது. ஒவ்வொரு பள்ளியும் ஒரு சமூக அமைப்போடு இணைக்கப்பட்டது. சேவைகளை ஒருங்கிணைப்பதற்கென்றே ஒரு சமூகப் பள்ளி இயக்குநர் அங்கே நியமிக்கப்பட்டார். ராண்ட் ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டில், அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் அடிக்கடி வராமல் இருப்பது தொடக்கநிலை முதல் உயர்நிலை வரை எல்லா நிலைகளிலும் குறைந்திருந்தது. உரிய காலத்தில் அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி பெறுவது கூடியிருந்தது. கணிதத்தில் முன்னேற்றம் மூன்றாவது ஆண்டில்தான் தெரிந்தது; வாசிப்பில் உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் காணப்படவில்லை. இந்த வரிசைமுறையை நான் மிகவும் இயல்பானதாகக் கருதுகிறேன். பிள்ளை முதலில் பள்ளிக்கு வர வேண்டும். வந்த பிள்ளை நிம்மதியாக உட்கார வேண்டும். அதற்குப் பிறகே பாடம் பதியும். ஓராண்டு முடிவதற்குள் மதிப்பெண் ஏன் உயரவில்லை என்று கேட்டு இத்தகைய திட்டங்களை மூடிவிடுவது, நட்ட கன்றைப் பிடுங்கி வேர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது போன்றது.

கண்ணாடியைப் பற்றியும் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. பால்டிமோர் நகரில் 2016 முதல் பள்ளி வளாகத்திலேயே கண் பரிசோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்தார்கள். 3 முதல் 7ஆம் வகுப்பு வரை படித்த 2,300க்கும் மேற்பட்ட மாணவர்களை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து, 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் கண்ணாடி பெற்றவர்களின் வாசிப்பு மதிப்பெண் உயர்ந்தது. சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளுக்கும், ஏற்கெனவே மிகவும் பின்தங்கியிருந்தவர்களுக்கும் அதிகப் பயன் கிடைத்தது. ஆனால் இரண்டாவது ஆண்டில் அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. கண்ணாடி அணிவது குறைந்துபோனது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பிள்ளைகளோடு பழகியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. கண்ணாடி உடையும், தொலையும், கேலி செய்வார்களே என்று பைக்குள்ளேயே கிடக்கும். “கண்ணாடி எங்கே?” என்று வாரம் ஒரு முறை கேட்டு, உடைந்திருந்தால் மாற்றிக் கொடுக்க ஒருவர் இருந்தாக வேண்டும். பரிசோதனை முகாம் ஒரு நாளில் முடிந்துவிடும். இந்த விசாரிப்பு ஆண்டு முழுவதும் நடக்க வேண்டிய வேலை.

அந்த ஒருவரின் வேலை நாள் எப்படி இருக்கும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் இதை ஓர் அலுவலக மேசைப் பணி என்று நினைத்துக்கொள்கிறார்கள். காலையில் வாயிற்கதவருகே நிற்க வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு விரையும் பெற்றோரிடம் அரை நிமிடத்தில் பெறக்கூடிய தகவலை, கூட்டம் கூட்டி ஒரு மணி நேரம் பேசினாலும் பெற முடியாது. பிறகு வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். மொத்தச் சதவீதத்தை விட, வாரந்தோறும் ஒரே கிழமையில் வராத பிள்ளை யார், முதல் பாடவேளை முடிந்த பிறகே வரும் பிள்ளை யார் என்பதே அவருக்கு முக்கியம். திங்கட்கிழமைதோறும் வராத ஒரு மாணவனைப் பற்றி விசாரித்தபோது, அன்றைக்குத்தான் அவனுடைய பாட்டிக்குச் சிகிச்சைக்குப் போகும் நாள் என்றும், கூடப் போக வேறு ஆள் இல்லை என்றும் தெரியவந்தது. அவனுடைய படிப்பைக் காப்பாற்றத் தேவைப்பட்டது பாட்டிக்கு ஒரு துணை. அதை ஏற்பாடு செய்து கொடுக்க ஒரு தன்னார்வலர் கிடைத்ததும் திங்கட்கிழமைப் பிரச்சினை தீர்ந்தது. எந்தப் பாடத்திட்டத்திலும் எந்தச் சேவைப் பட்டியலிலும் பாட்டிக்குத் துணை என்று ஓர் இனம் இருக்காது.

மதிய நேரத்தில் அவர் வெளி அலுவலகங்களோடு பேச வேண்டும். எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை குழந்தை மனநல மருத்துவர் இருப்பார், எந்தச் சான்றிதழுக்கு எந்த அலுவலரைப் பார்க்க வேண்டும், விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்க வேண்டும். ஒரு பெற்றோரிடம் முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்புவதும், அங்கிருப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, இன்னார் இன்ன நேரத்துக்கு வருகிறார் என்று சொல்லி அனுப்புவதும் ஒன்றாகாது. இரண்டாவது வகையில் அனுப்பப்பட்டவர் பெரும்பாலும் போய்ச் சேருகிறார். மாலையில் கூடங்கள் திறந்திருக்கும் நேரத்திலும் அவர் கொஞ்ச நேரமாவது இருக்க வேண்டும், ஏனென்றால் பகலில் வராத தந்தையர் அப்போதுதான் வருகிறார்கள்.

இவ்வளவையும் ஆசிரியரிடம் கொடுத்துவிட முடியாதா என்று நிர்வாகங்கள் கேட்பதுண்டு. முடியாது என்பதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். முப்பது, நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் தயாரித்து, நடத்தி, திருத்தி, பதிவேடுகளையும் நிரப்பும் ஒருவரிடம் குடும்பநல வேலையையும் ஏற்றினால், இரண்டும் கெட்டுப்போகும். பள்ளிகள் இத்தகைய சேவைகளை ஏற்க வேண்டும் என்ற கருத்துக்கு ஆசிரியர்களிடமிருந்தே வரும் எதிர்ப்பு பெரும்பாலும் இந்த அச்சத்திலிருந்து பிறப்பதுதான், அது நியாயமான அச்சம். பள்ளி செய்ய வேண்டும் என்பதற்கும் ஆசிரியர் செய்ய வேண்டும் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அரசாணையிலேயே எழுதிவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். ஆசிரியரின் பங்கு கவனிப்பதும், கவனித்ததைச் சொல்வதும். ஒரு பிள்ளையைப் பற்றிய கவலையை மாலைக்குள் உரியவரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் அதன் நிலை என்ன என்று தெரிந்துகொள்ள முடிகிற பள்ளியில், ஆசிரியரின் சுமை உண்மையில் குறைகிறது.

ஆள் நியமித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பல மாநிலங்களில் பள்ளிகளுக்குள் ஒருங்கிணைப்பாளர்களை அனுப்பிவரும் கம்யூனிட்டிஸ் இன் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் தனிமாணவர் கவனிப்புத் திட்டத்தை, எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து ஆராய்ந்தது. 2017இல் வெளியான முடிவுகளில், அந்தக் கவனிப்பைப் பெற்றவர்களின் வருகையோ பாட மதிப்பெண்ணோ மற்றவர்களைவிட மேம்படவில்லை. ஒப்பிடப்பட்ட மாணவர்களுக்கும் அதே பள்ளிகளில் வேறு உதவிகள் கிடைத்துக்கொண்டிருந்தன என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்றாலும், இந்த முடிவை ஒதுக்கிவிடக் கூடாது. ஒருங்கிணைப்பாளர் என்ற பதவி இருந்தும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் தரக்கூடிய நேரம் கொஞ்சமாகவும், அவர் கைகாட்டிவிடும் சேவை வலுவற்றதாகவும் இருந்தால் பயன் இருக்காது. பக்கத்தில் மனநல ஆலோசகரே இல்லாத ஊரில், ஆலோசகரிடம் அனுப்பிவைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் என்ன செய்வார்?

பிள்ளைகளையும் குடும்பங்களையும் வகை பிரித்து, உதவி தேவைப்படுபவர்களுக்கு மட்டும் ஒரு தனி வாசல் வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்த வாசல் வழியாகப் போகும் குடும்பத்தை ஊரே பார்க்கும். தையல் வகுப்போ கணினி வகுப்போ நடக்கும் அதே தாழ்வாரத்தில் ஆலோசகரின் அறையும் இருந்தால், உள்ளே போகும் தாய் எதற்காகப் போகிறார் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. குடும்பத்தைப் பற்றித் தெரியவரும் செய்திகளும் அப்படித்தான். வீட்டில் நடக்கும் சண்டையைப் பற்றி ஒருங்கிணைப்பாளரிடம் மனம் திறந்து சொன்னது மறுநாள் ஆசிரியர் அறையில் பேசப்பட்டால், அந்தத் தாய் மட்டுமின்றி அவருக்குத் தெரிந்த யாருமே அதன்பின் வரமாட்டார்கள். யாரிடம் எதைச் சொல்லலாம், குழந்தையின் பாதுகாப்புக்காக எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதை முதல் நாளே எழுத்தில் வைத்து, பெற்றோருக்கும் அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

பெரிய திட்டங்கள் சிறிய விஷயங்களில் தடுக்கி விழுவதையும் பார்த்திருக்கிறேன். மாலையில் கதவைத் திறப்பது யார், சாவி யாரிடம் இருக்கும், துப்புரவுப் பணியாளருக்குக் கூடுதல் நேர ஊதியம் உண்டா, பெரியவர்கள் பயன்படுத்தும் அளவுக்குக் கழிப்பறைகள் உள்ளனவா, சிறு பிள்ளைகளின் வகுப்பறையில் பெரியவர்கள் உட்காரும் நாற்காலி இருக்கிறதா, மறுநாள் காலை வகுப்புக்குள் அறை பழையபடி ஒழுங்காக இருக்குமா என்ற கேள்விகளுக்கு விடை இல்லாமல் தொடங்கினால், இரண்டு மாதத்தில் வகுப்பாசிரியருக்கும் மாலைக் குழுவுக்கும் மனக்கசப்பு வந்துவிடும். நெதர்லாந்தில் 2008 முதல், பள்ளியிலும் விளையாட்டுச் சங்கத்திலும் ஒருசேரப் பணியாற்றும் இணைப்புப் பணியாளர்களை அரசு ஊக்குவித்து வருகிறது. பகலில் வகுப்பில் பார்க்கும் அதே முகத்தையே பிள்ளைகள் மாலையில் திடலிலும் பார்க்கிறார்கள் என்பதால், இரு தரப்புக்கும் நடுவே வரக்கூடிய இத்தகைய உரசல்கள் இந்த ஏற்பாட்டில் குறையும் என்று நம்புகிறேன்.

பெற்றோரிடம் கேட்காமல் தொடங்கப்படும் சேவைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணினி வகுப்பு வேண்டும் என்று நிர்வாகம் தீர்மானித்திருக்கும். பெற்றோர்களோ வங்கிப் படிவத்தை நிரப்பத் தெரிந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள். கேள்வித்தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் விருப்பம் மட்டுமே திரும்பி வரும். வீடு வீடாகப் போய்க் கேட்பதற்கு நேரம் எடுக்கும்.

ஒரே ஒருவரை நியமிக்க மட்டும் பணம் இருக்கிறது, சேவைகள் எதையும் தொடங்க வழியில்லை என்று ஒரு பள்ளி சொன்னால், அந்த ஒருவரையே நியமியுங்கள் என்பேன். முடிந்தால் அந்த வட்டாரத்தின் மொழியும் தெருக்களும் அறிந்த, அந்த ஊர்க்காரராகவே அவர் இருக்கட்டும். முதல் ஆறு மாதம் எந்தச் சேவையையும் தொடங்கச் சொல்லி அவரை நெருக்காமல், வாயிற்கதவருகே நிற்கவும், வீடுகளுக்குப் போகவும், மருத்துவமனையிலும் அலுவலகங்களிலும் இருப்பவர்களோடு பழகவும் விடுங்கள். அதன் பிறகு அவர் கொண்டுவரும் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ, அதற்குப் பணம் தேடலாம்.